எண்ணிக்கை மீண்டது, இழந்தது மீண்டதா?

ஒருவர் தாம் செய்துவந்த தீங்கை நிறுத்திவிட்டால், அத்தீங்கும் அன்றோடு முடிந்துவிடுகிறதா? கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பங்களில் இவ்வினா புதியதன்று. ஆயினும் ஓங்கிய கை தாழ்ந்தவுடன் கணக்குத் தீர்ந்தது என்று நம் மனம் அமைதி கொண்டுவிடுகிறது. அந்த அமைதி நியாயமானதுதானா? கடல்வாழ் பாலூட்டிகள் சிலவற்றைப் பற்றி அறிவியலார் கண்டறிந்துள்ள செய்திகளை முன்வைத்து இதனைச் சிந்திக்கலாம் என்று கருதுகிறேன்.

எட்டில் ஏழு

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும், வட யானைச் சீல் என்னும் விலங்கு வாழ்கிறது. ஆண் விலங்கின் மூக்கு சிறு துதிக்கையைப் போல் தொங்குவதால் இப்பெயர் பெற்றது. கடலில் இரை தேடி, கரைக்கு வந்து குட்டி ஈன்று பாலூட்டும். அதன் தோலுக்கு அடியிலுள்ள தடித்த கொழுப்பைக் காய்ச்சினால் எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெய்க்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். தரையில் விரைந்து செல்ல இயலாத உயிர் ஆதலால் கொல்வது எளிதாயிற்று. 1880களில் இந்த இனமே அற்றுப்போயிற்று என்று பலரும் எண்ணினர்.

1892-இல் மெக்சிகோவைச் சேர்ந்த குவாதலூப்பே தீவின் கரையில் எட்டு யானைச் சீல்கள் உயிருடன் காணப்பட்டன. கண்டவர்கள் எண்ணெய் வேட்டையாடியவர்கள் அல்லர். அருங்காட்சியகத்துக்காக உயிரினங்களைத் திரட்டச் சென்றவர்கள். அந்த எட்டில் ஏழை அவர்கள் கொன்று எடுத்துச் சென்றனர். அழிந்துவரும் இனத்தின் உடல்களையேனும் பாதுகாத்து வைப்பது கடமை என்று அக்காலத்தில் கருதினார்கள். அரிதென்று அறிந்ததனாலேயே அவ்வுயிர்கள் கொல்லப்பட்டன. அறிவு அருளோடு சேராதபோது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்று வினையை மூன்றாகப் பகுத்துப் பார்ப்பது நமக்குப் பழக்கமான முறை. தடி எடுத்து அடித்தவர் ஒருவர். கப்பலுக்கு முதலீடு செய்தவர் ஒருவர். தொலைதூர நகரத்தில் விலை கொடுத்து எண்ணெய் வாங்கியவர் இன்னொருவர். மூன்றாமவர் அந்த விலங்கைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார். இருப்பினும் அவர் வாங்கியதனால்தான் கப்பல் புறப்பட்டது.

நல்வாய்ப்பாக, அன்று கரைக்கு வராமல் கடலில் இருந்த சில யானைச் சீல்கள் பிழைத்தன. மிகக் குறைந்த நிலையில் அவை நூற்றுக்கும் குறைவாக, ஒருவேளை இருபது முப்பதாகவே இருந்திருக்கும் என மதிப்பிடுகிறார்கள். 1922-இல் மெக்சிகோ அரசு அவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது; சில ஆண்டுகளில் அமெரிக்காவும் அளித்தது. கொலை நின்றது. கூட்டம் பெருகியது. 2010-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அவற்றின் தொகை இரண்டு லட்சத்துக்கும் அதிகம். மனிதர் திருந்தியதால் ஓர் இனம் மீண்டது என்று மகிழ்வது முறையே. அந்த மகிழ்ச்சியோடு கதை முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது.

ஒரே நூலின் பல படிகள்

1974-இல் அறிவியலார் இருவர் 159 யானைச் சீல்களின் குருதியை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். மரபணுக்கள் அமைந்த 24 இடங்களை, அவை உருவாக்கும் புரதங்களின் வழியே அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்திலும் ஒரு விலங்குக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தென்படவில்லை. 2004-இல் வேறு சிலர் 110 விலங்குகளிடம் நோயெதிர்ப்புக்குரிய மூன்று மரபணு இடங்களை ஆராய்ந்தபோது, ஒவ்வோரிடத்திலும் மிகச் சில வடிவங்களே எஞ்சியிருப்பது தெரியவந்தது.

இது ஏன் கவலைக்குரியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கிருமி ஒன்று உயிரணுவுக்குள் புகுந்தால், அந்தக் கிருமியின் சிறு துணுக்கைச் சில புரதங்கள் உயிரணுவின் மேற்பரப்புக்கு ஏந்தி வந்து, காவல் புரியும் வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. காட்டினால்தான் காவலர் பகைவனை அறிவர். இதனைக் கண்டறிந்த டோஹர்ட்டி, சிங்கர்நாகல் ஆகிய இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதரில் சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் பொருத்தம் பார்க்கிறார்கள் அல்லவா? அதில் முக்கியமாகப் பார்க்கப்படுவன இப்புரதங்களே.

இப்புரதத்தின் ஒரு வடிவத்துக்குச் சில துணுக்குகளே பிடிபடும். வேறு துணுக்குகளைப் பிடிக்க வேறு வடிவம் வேண்டும். மனித இனத்தில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. ஆகவே புதுநோய் ஒன்று வந்தால், எல்லாரையும் ஒரே வகையில் ஏமாற்றுவது அதற்குக் கடினம். சிலரேனும் அதை அடையாளம் காண்பர். எல்லாரிடமும் ஒரே வடிவம் இருக்குமானால், ஒருவரை ஏமாற்றிய கிருமி அனைவரையும் ஏமாற்றிவிடக்கூடும்.

ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஓர் உயிர் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வடிவங்களையே கொண்டிருக்கும். இருபது உயிர்கள் எஞ்சினால் மிகுதியாக நாற்பது வடிவங்களே எஞ்ச முடியும். யானைச் சீல்களிடையே வலிமை மிக்க ஓர் ஆணே பல பெண்களோடு கூடுவதால், உண்மையில் அடுத்த தலைமுறைக்குச் சென்றவை இன்னும் குறைவு. எரிந்துபோன நூலகத்தில் தப்பிய ஒரே நூலை ஒரு லட்சம் படிகள் அச்சிட்டாலும் அது நூலகம் ஆகாது. இழந்த வடிவங்களுக்கு ஈடாகப் புதியவை தோன்ற எண்ணற்ற தலைமுறைகள் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ‘இரண்டு லட்சம் பெருகிவிட்டனவே; இக்குறையால் அவை என்ன கெட்டன?’ 2004 ஆய்வாளர்களும், அக்குறையால் அவற்றின் நலம் குன்றியதற்கு அதுவரை சான்று இல்லை என்றே கூறினர். வேறுபாடு மிகுந்திருப்பதும் முழுக் கவசம் ஆகிவிடாது. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, வட இனத்தைவிட மரபணு வேறுபாடு கூடுதலாக உள்ள தென் யானைச் சீல்களின் குட்டிகள் 17,000-க்கும் மேல் மடிந்தன. ஆகவே ‘வேறுபாடு இருந்தால் பிழைக்கும், இல்லையேல் அழியும்’ என்று எளிய சூத்திரம் சொல்லுதல் தகாது. ஆனால் ஒருவருடைய சேமிப்பைப் பறித்துக்கொண்டு, ‘உனக்கு இன்னும் பஞ்சம் வரவில்லையே’ என்று சொன்னால் பறித்தது நியாயமாகிவிடுமா? பஞ்சம் வந்தால் தாங்கும் ஆற்றலைப் பறித்ததே தீங்குதான். அந்தத் தீங்கு, கொன்றவர்களும் கொல்லப்பட்டவையும் மறைந்து நூறாண்டுக்குப் பின் பிறக்கும் குட்டியின் உடலிலும் இருக்கிறது.

கடனும் மருந்தும்

ஹவாய்த் தீவுகளில் வாழும் ஒரு சீலுக்குத் துறவிச் சீல் என்று பெயர். கூட்டம் சேராமல் பெரும்பாலும் தனித்தே காணப்படும் இயல்புடையது. இதனையும் முற்காலத்தில் வேட்டையாடிக் குறைத்தார்கள். 2022 கணக்கின்படி ஏறத்தாழ 1,600 உள்ளன. மரபணு வேறுபாடு மிகக் குறைந்த பாலூட்டிகளுள் இதுவும் ஒன்று. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் கிருமிக்கு நெருங்கிய உறவான ஒரு கிருமி 1988-இல் வட ஐரோப்பியக் கடல்களில் 18,000-க்கும் மேற்பட்ட சீல்களைக் கொன்றது. அத்தகைய கொள்ளைநோய் ஹவாயை எட்டினால் நிலைமை என்னாகும் என்று அஞ்சி, 2016 முதல் துறவிச் சீல்களுக்குத் தடுப்பூசி போட்டு வருகிறார்கள்.

காட்டுயிரை நெருங்கி ஊசி போடுவது அதன் உரிமையில் தலையிடுவதன்றோ என்று கேட்கலாம். நலமாக வாழும் உயிரிடம் அவ்வாறு செய்வது தலையீடே. ஆனால் அதன் தற்காப்பைக் குறைத்தவர் மனிதர். நோய்கள் அதன் இருப்பிடத்தை எட்ட வழி செய்பவரும் மனிதர். நாம் கொண்டுசென்ற பூனைகளின் கழிவு மழைநீரோடு கடலில் கலந்து பரப்பும் டாக்சோபிளாஸ்மா நோயால் இச்சீல்கள் இறந்துள்ளன; அதற்கோ தடுப்பூசி இல்லை. வழிப்போக்கரைத் தள்ளிவிட்டவர், ‘நான் இனி யாரையும் தொடமாட்டேன்’ என்று விலகிப்போனால் அது விரதம் ஆகாது. முதலில் விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும். இதைத் தயவு என்று சொல்வதைவிடக் கடன் என்று சொல்வதே பொருந்தும்.

குறையைக் காட்டிக் கைவிடலாமா?

இதுவரை சொன்னதைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். ‘இவற்றின் மரபணுவே நலிந்துவிட்டது, இனிக் காத்து என்ன பயன்?’ என்று கைவிடுவோர் உண்டு. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாக்கிட்டா என்னும் சிறிய ஓங்கில் வகை உயிரைப் பற்றி இப்படித்தான் பேசப்பட்டது. 1997-இல் ஏறத்தாழ 570 இருந்தன. 2024-இல் நடந்த தேடலில் கண்ணுக்குப் பட்டவை 6 முதல் 8 வரை. அவற்றை யாரும் வேண்டிக் கொல்லவில்லை. டொட்டோவாபா என்னும் மீனின் காற்றுப்பைக்குச் சீனாவில் கிடைக்கும் பெருவிலைக்காக விரிக்கும் செவுள் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர இயலாமல் இறக்கின்றன.

2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருபது வாக்கிட்டாக்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்தது. அவற்றின் வேறுபாடு குறைவுதான். ஆனால் அது மனிதரால் நேர்ந்ததன்று. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய தொகையாகவே வாழ்ந்து வந்ததால் அமைந்த நிலை அது. அந்நெடுங்காலத்தில் கேடு மிகுந்த மரபணு மாற்றங்கள் பல கழிந்தும் போயின. வலையில் இறப்பது முற்றிலும் நின்றால் இந்த இனம் மீளும் வாய்ப்பு மிகுதி என்பதே ஆய்வின் முடிவு. குறை அவ்வுயிரின் குருதியில் இல்லை, வலையில் இருக்கிறது. மெலிந்தவனுடைய மெலிவையே காரணமாகக் காட்டி அவனைக் கைவிடுவது, முதல் தீங்கின்மேல் வைக்கும் இரண்டாம் தீங்கு.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். கொலை நின்ற நாளில் தீமை முடிவதில்லை. அது குறையாக மாறி, பிறக்கவிருக்கும் உயிர்களோடும் தொடர்கிறது. ஆதலால் கொல்லாமையில் காலமும் ஓர் உறுப்பாகும். ஆயிரம் உயிர் இருக்கும்போது நிறுத்துவதும் இருபது எஞ்சும்போது நிறுத்துவதும் ஒன்றல்ல. எண்ணிக்கை பின்னர் இரண்டிலும் ஒன்றாகவே வரலாம், எஞ்சும் செல்வம் ஒன்றாக இராது. காலம் கடந்து நிறுத்தியவர்களுக்கோ, நிறுத்தியபின்னும் காவல் காக்கும் கடமை உண்டு. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லும்போது, ‘இந்த விலங்கு காப்பாற்றப்பட்டுவிட்டது’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். எதை இழந்து, எவ்வளவு பிழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளை, எந்தத் தீங்கையும் நாளை நிறுத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடத் தயங்கும்.