சாக்குத் துணியும் கம்பளமும்

வீட்டுத் தரையில் எதை விரிப்பது என்பதெல்லாம் ஒரு கேள்வியா, அதற்கு ஒரு கட்டுரையா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்விதான். நம்ம நாட்டில் தரை வெறும் தரை இல்லை. யார் திண்ணையில், யார் பாயில், யார் வெறும் மண்ணில் என்று பிரித்து வைத்த பிறகுதான் இங்கே மற்ற நியாயமெல்லாம் பேசியிருக்கிறார்கள். சத்தாராவில் பள்ளிக்கூடம் போன சிறுவன் அம்பேத்கருக்கு வகுப்பின் மூலையில் தனியாக ஒரு சாக்குத் துணி. காலையில் வீட்டிலிருந்து கொண்டு வரணும், சாயங்காலம் சுருட்டி எடுத்துக்கொண்டு போகணும். பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற ஆள்கூட அதைத் தொடமாட்டான். பின்னாளில் தன் நினைவுகளில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சாக்கை அந்தப் பையன் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுக்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

எங்க ஊர்ப் பக்கம் பஞ்சாயத்து கூடும்போது மரத்தடியில் ஜமக்காளம் விரிப்பார்கள். அது ஊர்த்தெருக்காரர்களுக்கு. எங்கப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜமக்காளத்தின் ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று பதில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லிவிட முடியாது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்தலில் ஜெயித்துத் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் வெளிவந்தது. எதன்மேல் உட்காரணும் என்பதை அடுத்தவன் தீர்மானித்த வரலாறு நம்முடையது. ஆகவே நாமே பார்த்து, விலை பேசி, பிடித்ததை எடுப்பது அற்பக் காரியமாக எனக்குப் படவில்லை.

நான் குடியிருப்பது இரண்டு அறை வீடு. வாசலிலிருந்து சமையற்கட்டு வரைக்கும் ஒடுக்கமான ஒரு நடைவழி. கல்லூரியில் படிக்கிற மகள் அதற்கு ஒரு பழைய கைநெசவுக் கம்பளம் வேணும்ங்கிறாள். அகலம் குறைந்து நீளம் அதிகமாக இருக்கிற வகை. கடைக்காரர்கள் ‘ரன்னர்’ என்பார்கள். நூறு வயது தாண்டினால் ‘ஆன்டிக்’, அதற்குக் குறைந்தால் ‘விண்டேஜ்’ என்பது அவர்கள் கணக்கு. ஆன்டிக் எங்க கைக்கு எட்டாது. நாற்பது ஐம்பது வயசான, ஓரம் நைந்த ஒன்று தவணையில் எட்டும். விஷயத்தைக் கேட்ட தோழர் ஒருவர், “நமக்கெதுக்கு தோழர் இந்த மேட்டுக்குடி ரசனை?” என்றார்.

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. சிவப்பும் நீலமும் பார்க்க நல்லாயிருக்கு என்று சொல்ல எந்தக் குடிக்கும் தனி உரிமை கிடையாது. சாயம் காய்ச்சியவன், நூல் நூற்றவள், தறியில் குனிந்தவன் எல்லாம் உழைக்கிற சனம். நிறத்தை உண்டாக்கியவர்களின் பிள்ளைகளைப் பார்த்து, நிறம் உங்களுக்கு ஆகாது, எளிமையாக இருங்கள் என்று சொல்வது எந்த நியாயம்? எளிமை என்பது இருப்பவன் துறப்பது. இல்லாதவனிடம் அதைக் கேட்டால் அது வேறொரு சாக்குத் துணி.

ஆனால் உரிமை என்று சொன்னதோடு கேள்வி முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

பழைய ஈரானிய வீட்டுக் கூடத்தில் நாலு கம்பளங்களைச் சேர்த்து விரிக்கிற ஒரு முறை உண்டு. நடுவில் பெரியது ஒன்று. தலைமாட்டில் குறுக்காக ஒன்று, அதன் பெயர் கெல்லெகி. தலை என்கிற சொல்லிலிருந்து வந்தது, மரியாதைக்குரியவர்களின் இடம். இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடுகிறவை கெனாரே. கெனாரே என்றால் ஓரம், விளிம்பு. இந்தியில் கினாரா என்று கேட்டிருப்போமே, அதே சொல்தான். இன்றைக்கு ரன்னர் என்று நடைவழியில் போடுகிறோமே, அதன் ஒரு மூதாதை இந்த விளிம்புக் கம்பளம். தலைக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று என்று உட்காரும் வரிசை அங்கேயும் நெசவிலேயே இருந்திருக்கிறது.

கம்பளம் வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் அதைத் திருப்பிப் போடுவார்கள். நிஜம் பின்பக்கத்தில் இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்டிருந்தால் ஒவ்வொரு முடிச்சும் தெரியும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. முனையில் தொங்குகிற குஞ்சம் பாவு நூலின் மிச்சமாக இருக்கணும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படணும். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். 1856-ல் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கிற வரைக்கும் மஞ்சிட்டி வேரிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம். பிறகு மலிவுச் சாயங்கள் வந்தன. அவற்றில் பல சீக்கிரம் வெளுத்தன, தண்ணீர் பட்டால் ஓடின. புதுசை வெயிலில் போட்டு, தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கி விற்பதும் உண்டு.

ஒரே சிவப்புப் பரப்பில் நடுவே ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் வெளிறியோ கருத்தோ இருக்கும். அப்ராஷ் என்று பெயர். கம்பளி மொத்தத்துக்கும் ஒரே தடவையில் சாயம் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நெய்ததால் வந்தது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கம்பளி ஒரே தடவையில் கிடைக்காமல் போனதும், சட்டி சிறிசாக இருந்ததும் அதில் இருக்கலாம். இன்றைக்கு அதைக் காட்டித்தான் விலை ஏற்றுகிறார்கள். நெய்தவள் வீட்டில் அது பற்றாக்குறை, வாங்கியவர் வீட்டில் அது அழகியல்.

இனி கைகளைப் பற்றி. இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ கூடத்தில் இரண்டு டன் எடையுள்ள ஒரு கம்பளம் கிடக்கிறது. விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கென்று ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. 1992-ல் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டித் தூக்க ஐம்பது சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். பொன்விழா யாருடையது என்பது தெரிகிறது. நெய்தவர்கள் ‘ஆக்ரா சிறைக் கைதிகள்’, அவ்வளவுதான்.

அது வெள்ளைக்காரன் காலம் என்றால், நம்ம காலத்துக்கு வருவோம். பாகிஸ்தானில் இக்பால் மாசிஹ் என்ற பையன் நாலு வயசில் 600 ரூபாய் கடனுக்கு ஈடாகக் கம்பளத் தறியில் வைக்கப்பட்டான். அவன் பஞ்சாபிக் கிறித்துவன். அங்குள்ள கிறித்துவர்களில் பெரும்பாலோர் சூஹ்ரா என்ற தீண்டப்படாத சாதியிலிருந்து மதம் மாறியவர்களின் வழிவந்தவர்கள். தப்பித்து வந்து கொத்தடிமைச் சிறுவர்களுக்காகப் பேசினான். 1995 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டான். நம்ம பக்கத்தில் மிர்சாப்பூர், பதோஹி. இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல். உத்தரப் பிரதேசக் கம்பளத் தறிகளில் இருந்த குழந்தைகள் பற்றி 1997-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பிஞ்சு விரலுக்குத்தான் நுண்ணிய முடிச்சு வரும் என்று முதலாளிகள் காரணம் சொன்னார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக 1990-களில் நடந்த ஆய்வு அந்தப் பேச்சை உடைத்தது. மிக நெருக்கமான முடிச்சுள்ள உயர்ந்த கம்பளங்களைப் பெரியவர்களே நெய்கிறார்கள். பிஞ்சு விரலுக்கு இருந்த ஒரே தகுதி கூலி கேட்கத் தெரியாததுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மகள் ஒரு வாதம் வைத்தாள். “அப்பா, புதுசு வாங்கினா எந்தப் பிள்ளையோட கை அதுல இருக்குமோ. பழசு வாங்கினா இன்னிக்கு யாரையும் தறியில கட்டிப் போட மாட்டாங்கல்ல?” நியாயமான வாதம். பழைய கம்பளத்தை வாங்குவதால் புதிதாக ஒரு அடிமை உருவாவதில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலம் கடந்தால் பொருள் குற்றமற்றதாக ஆகிவிடுமா? கோயில் கோபுரத்தைக் காட்டி ஆயிரம் வருஷப் பெருமை என்கிறார்கள். கல் சுமந்தவனை உள்ளே விடாத கதையை அந்த ஆயிரம் வருஷம் தின்றுவிட்டது. ‘ஆன்டிக்’ என்ற சொல்லும் அப்படித்தான் வேலை செய்கிறது. கடை தருகிற சான்றிதழில் ஊர் உண்டு, இனக்குழு உண்டு, சாயம் உண்டு, உத்தேச வயது உண்டு. நெய்தவர் பெயர் இருப்பதில்லை. பொருளுக்கு வயசு ஏற ஏற விலை ஏறுகிறது. நெய்தவளுக்கு வயசு ஏறியபோது கண் மங்கியது, முதுகு வளைந்தது, கூலி நின்றது.

இதை மனு எப்பவோ தீர்த்து வைத்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய ஐந்தாம் அத்தியாயத்தில், கைவினைஞனின் கை எப்போதும் சுத்தமானது, விற்பனைக்குப் பரப்பி வைத்த பொருளும் சுத்தமானது என்று விதி இருக்கிறது. பெருந்தன்மை மாதிரி தெரியும். யோசித்துப் பாருங்கள். உழைப்பவனின் கை செய்த பொருள் வீட்டுக்குள் வரணும், அந்தக் கைக்குச் சொந்தக்காரன் மேலே வரக்கூடாது. இரண்டையும் ஒரேசமயத்தில் சாதிக்க ஒரு விதி வேண்டியிருந்தது. கையை ஆளிடமிருந்து வெட்டி எடுத்துவிட்டால் கை சுத்தம்! இன்றைக்குக் ‘கையால் செய்தது’ என்று விலைச்சீட்டில் போட்டு இரட்டிப்பு விலை வாங்குகிற சந்தை, மனுவைப் படிக்காமலே இந்த விதியின்படி நடக்கிறது. தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம், தொட்டுச் செய்ததற்கு அதிக விலை கொடுக்கிறது. தொட்ட ஆள் கண்ணில் படாதவரைக்கும்.

அப்போ வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்வது சுலபம், மனசுக்குச் சுகமாகவும் இருக்கும். நாம் வாங்காமல் இருந்தால் செத்துப்போன கைக்கு ஒன்றும் திரும்பி வராது, உயிரோடிருக்கிற நெசவாளிக்கு வேலை போகும். குற்ற உணர்ச்சி என்பது நம்மைப் பற்றி நாமே கவலைப்பட்டுக்கொள்வது. அதனால் தறிக்காரருக்கு ஒரு வேளைச் சோறு வராது. எனக்குப் படுகிற நியாயம் இதுதான்: வெட்டப்பட்ட கையை ஆளோடு சேர்த்துப் பார்ப்பது. அழகாக இருக்கிறது என்று சொல்கிற வாயாலேயே யார் நெய்தது, என்ன கூலி என்று கேட்பது. இரண்டில் ஒன்றை விட்டாலும் நாம் மனு பக்கம் போய்விடுகிறோம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பழசு வாங்குவதென்றால் திருப்பிப் பார்த்து, தேய்மானத்தை ஒத்துக்கொண்டு, கிழிசலை ஒரு கைவேலைக்காரரிடம் கொடுத்து, அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். அந்தக் காசாவது உயிரோடிருக்கிற கைக்குப் போகும். புதுசு என்றால் குழந்தை உழைப்பு இல்லை என்று சோதித்துத் தருகிற முத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம். 1994-ல் ரக்மார்க் என்று தொடங்கியது, 2009 முதல் குட்வீவ் என்ற பெயரில் இருக்கிறது. முத்திரை எல்லாவற்றையும் தீர்க்காது, ஆனால் கேட்கிற பழக்கத்தை உண்டாக்கும்.

இன்னொரு வழியும் உண்டு, அது பவானி. வண்ணப் பட்டை போட்ட பவானி ஜமக்காளம் பூ முடிச்சுக் கம்பளம் இல்லை, பருத்தியில் தட்டையாக நெய்தது. கைத்தறிக்கு மட்டுமே என்று 1985-ம் வருஷச் சட்டம் ஒதுக்கிய வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய மலிவுச் சரக்கு அதே பெயரில் விற்கிறது. அங்கே போனால் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவரை நேரில் பார்க்கலாம். பெயரைக் கேட்கலாம். என்ன கிடைக்குது அண்ணே என்றும் கேட்கலாம். எந்த ஆன்டிக் கடையிலும் இந்த வசதி கிடையாது.

மகள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று தெரியாது. அது அவள் உரிமை. நான் அவளிடம் போட்டிருக்கிற நிபந்தனை ஒன்றே ஒன்று. எதை வாங்கினாலும் அதைச் சுவரில் மாட்டக்கூடாது, விருந்தாளி வந்தால் சுருட்டி வைக்கவும் கூடாது. தபால்காரர், எரிவாயு உருளை தூக்கி வருகிறவர், சாக்கடை அடைப்பு எடுக்க வருகிற தம்பி, எல்லோரும் அதன்மேல் நடந்து உள்ளே வரணும், வந்து உட்காரணும். கறை படியும், நிறம் மங்கும். மங்கட்டும்.