.39955

1941 செப்டம்பர் 28, பிலடெல்ஃபியா. பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு சீசனின் கடைசி நாள், ஒரே நாளில் இரண்டு மேட்ச். 23 வயது டெட் வில்லியம்ஸ் அதுவரை கணக்கில் வரும் 448 வாய்ப்புகளில் 179 ஹிட் அடித்திருந்தார். சராசரி .39955. பேஸ்பாலில் மூன்று தசம இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆக, பதிவில் அது.400. மட்டை பிடிக்கிற எவருக்கும் கனவு எண். வேணும்னா உட்கார்ந்துக்கோ என்றார் மேனேஜர் ஜோ குரோனின். வில்லியம்ஸ் இரண்டிலும் ஆடினார். எட்டுக்கு ஆறு, .406. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதற்கப்புறம் யாரும் .400 தொட்டதில்லை.

இதை நேர்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தல். உட்கார்ந்திருந்தாலும் ஏமாற்று இல்லையே. ரவுண்டிங் எல்லோருக்கும் பொது. கோடு எழுதுகிற நாங்கள் தினமும் செய்கிற வேலை.

சரி, அந்த எட்டில் மூன்றுதான் அடித்திருந்தால்? 182ஐ 456ஆல் வகுத்துப் பாருங்கள்: .399. அதே முடிவு, அதே ஆள். ஆனால் 'திமிரு, கைக்கு வந்ததைக் கெடுத்துக்கிட்டான்' என்றிருப்போம். 1976இல் 'மாரல் லக்' என்ற பெயரில் இந்தச் சிக்கலைக் கிளப்பிய தத்துவவாதியும் ஒரு வில்லியம்ஸ்தான், பெர்னார்ட் (சொந்தமில்லை). செய்தது சரியா என்பதை விளைவு தீர்மானிக்கலாம், விளைவோ நம் கையில் முழுசாக இல்லை என்றார்.

எனக்கு ஒப்பவில்லை. தான் அடிக்காத .00045ஐ வைத்துக்கொள்ள டெட்டுக்கு மனசில்லை. அந்த முடிவு முதல் பந்துக்கு முன்பே முழுமையாகிவிட்டது. ஆறு ஹிட்டும் அதைப் பிரபலமாக்கின, அவ்வளவுதான். மூன்று அடித்த வில்லியம்ஸையும் இதே அளவு மதிக்கணும். ஆனால் அவரைப் பற்றி நான் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.