மானுக்கு அபயம் அளித்தல்



பகவன் புத்தர் முதன்முதலில் தம்மச் சக்கரத்தை உருட்டிய இடம் இசிபதனத்து மிகதாயம். மான்களுக்கு அளிக்கப்பட்ட வனம் என்பது அப்பெயரின் பொருள். ஆலமர மானைப் பற்றிய ஜாதகக் கதையை நாம் அறிவோம். அதில் வரும் அரசன் மானைக் கொல்லாது விட்டான். அது அஞ்சாமல் மேயவும் செய்தான். இவ்விரண்டும் சேர்ந்ததே அபயம்.

கிழக்கேகோட்டையில் வாழும் நாம், விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நம் நகர மிருகக்காட்சிசாலைக்குச் செல்கிறோம். வேலிக்கு அப்பால் நிற்கும் மானைக் கண்டு மனம் இளகுகிறது. அது நன்றே. ஆயின் அதன் இனம் வடக்கே வயநாட்டுக் காட்டில் படும் பாட்டை நம்முள் எத்தனை பேர் எண்ணினோம்?

மான் வேட்டையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1973-இல் வயநாட்டுக் காடு சரணாலயமாயிற்று. எனினும் துன்பம் வேறு வழியாக வந்தது. மரங்கள் இடைவிட்டு நிற்க, வெயில் விழுந்து புல் வளரும் வெளியே புள்ளிமானுக்கு உகந்தது. வெப்பநாட்டுச் சவன்னாவின் இயல்பும் அதுவே. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்குரிய மஞ்சக்கொன்னை மரத்தைப் பூவின் அழகுக்காகக் கொணர்ந்து நட்டனர். அது இன்று சரணாலயத்தில் பெரும்பரப்பில் அடர்ந்துவிட்டது. அதன் அடர்நிழலில் புல் முளைப்பது அரிது. அம்பு இல்லை, கண்ணி இல்லை. ஆயினும் மானின் இரை பறிபோகிறது. இரை குறைந்த மான் உழவரின் பயிரை நாடும்; பகை வளரும்.

இம்மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் எழும். ஆகவே இளஞ்செடியை வேரோடு பிடுங்குகின்றனர். பெருமரத்தின் பட்டையை உரித்து நின்றவாறே பட்டுப்போகச் செய்கின்றனர். அவாவும் இத்தகையதே. வேர் அறாதவரை துக்கம் மீண்டும் தளிர்க்கும்.

அம்மரத்தை நட்டவர் மானைக் கொல்ல எண்ணியவர் அல்லர். எண்ணமே கம்மம் என்பது பகவனின் போதனை. ஆதலின் அவர்மீது கொலைக் குற்றம் சாராது. ஆனால் விளைவை அறிந்த பின்னும் வாளாவிருக்கும் நமக்கு அந்த நியாயம் உண்டோ? அறியாமை நீங்கிய இடத்தில் கடமை தொடங்குகிறது. கொல்லாதிருத்தல் முதற் சீலத்தின் வாயில். உயிர்கள் வாழ இடமளித்தலே அதன் உள்வீடு.

ஆகையால் மரம் நடும்போது அந்நிலத்துக்குரிய மரத்தையே நடுவோமாக. புல்வெளியைத் தரிசு என்று கருதி மரங்களால் நிரப்பாதிருப்போமாக. களை நீக்கும் பணிக்கு ஆள் வேண்டும்போது நம் உழைப்பைத் தானமாக வழங்குவோமாக.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க!