மழைமானியும் ஓர் அமானிதமே!

கள்ளக்குறிச்சிப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் அஸர் தொழுகைக்குப் பின், கோமுகி அணைப் பாசனத்தில் நெல் பயிரிடும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், அணையில் எவ்வளவு தேக்கலாம், எப்போது திறக்கலாம் என்பதைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும் காலம் வந்துவிட்டது என்கிறார்கள். அந்தக் கணக்குத் தவறி ஒருவர் வயல் காய்ந்தாலோ, ஒருவர் வீடு மூழ்கினாலோ, மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?"

இது பொறியாளர்களுக்குரிய கேள்விபோலத் தோன்றும். ஆனால் 'யார் பொறுப்பாளி?' என்று கேட்டவுடன் அது மார்க்கத்தின் கேள்வியாகிவிடுகிறது.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் முதலிய ஆறுகளின் வழியே இறங்கி, கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் சேர்கிறது. அணையின் உயரம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி. அங்கிருந்து ஓடும் நீர் மணிமுக்தாவோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. மலையில் விழும் ஒரு துளிக்கு இத்தனை ஊர்களும் பங்காளிகள்!

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அணையை நிரப்பி வைத்தால், திடீர் வெள்ளம் வரும்போது கரையோர மக்களுக்கு ஆபத்து. காலியாக வைத்து மழை பொய்த்தால் கடைமடைக்கு நீரில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளியேறித் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ஓர் இரவில் எடுக்கும் முடிவு எத்தனை குடும்பங்களைத் தொடுகிறது!

இத்தகைய முடிவுகளுக்கு உதவவே ஆற்றுப்படுகையின் மழை, நீர்வரத்து, நிலத்தடி நீர், பயிர்த்தேவை ஆகியவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் கணினி ஏற்பாடுகள் தோன்றின. உலக வங்கிக் கடனுதவியுடன் 2006இல் தொடங்கிய நீரியல் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனத்தின் பொறுப்பில், தமிழகம் உட்பட ஒன்பது மாநிலங்களுக்காக இத்தகைய ஏற்பாடு உருவாக்கப்பட்டது. 'இந்த அளவு திறந்தால் இன்ன விளைவு' என்று அது காட்டும். திறப்பதோ மனிதன்தான்.

இங்கேதான் நம் சகோதரருக்கான விடை இருக்கிறது. ஃபிக்ஹு கிதாபு தீர்ப்பளிப்பதில்லை. அதைப் பார்த்துக் காஜிதான் தீர்ப்பளிக்கிறார். தீர்ப்புப் பிழைத்தால் கிதாபைக் கூண்டிலேற்ற முடியுமா? கணினியும் முகல்லஃப் அல்ல. அதற்குக் கேள்வி கணக்கு இல்லை. அதை நம்பிக் கையெழுத்திடுபவருக்கும், அதற்கு விவரம் தருபவருக்கும் உண்டு. தீர ஆராய்ந்து, நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தும் தவறியவர் வேறு. ஆராயாமல் 'இயந்திரம் சொன்னது' என்று ஒதுங்கிக்கொள்பவர் வேறு.

மதீனாவின் மஹ்ஸூர் ஓடை நீரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பை எண்ணிப் பாருங்கள். மேலேயுள்ளவர் கணுக்கால் அளவு நீர் தேக்கியபின் கீழேயுள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்றார்கள். மேலேயுள்ளவரும் கீழேயுள்ளவரும் தம் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடிய அளவு அது! கணினியின் கணக்கும் அப்படிக் கடைமடை விவசாயி கேட்டறியக் கூடியதாக இருக்க வேண்டும். அதிகாரி மட்டுமே அறிந்த அளவு, நீதியான அளவாகவே இருந்தாலும் சந்தேகத்தையே வளர்க்கும்.

இனி, நாம் அதிகம் சிந்திக்காத ஒன்று. பள்ளிவாசலுக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுப்பவர் ஒரு நாள் கொடுக்கிறார். அது சரியாக ஓடுகிறதா என்று ஆண்டு முழுவதும் பார்ப்பவர் மோதினார். ஓடாத கடிகாரம் சுவரில் தொங்குவது, கடிகாரமே இல்லாததைவிடத் தீங்கு. மக்கள் அதை நம்பிவிடுவார்களன்றோ! நீர்க்கணக்கு ஏற்பாடும் அவ்வாறே. திட்டக் காலம் முடியும், கடன் தீரும், பயிற்சி பெற்றவர் மாறுதலாகிப் போவார். அதன்பிறகும் மலைமேலுள்ள மழைமானியைத் தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுத ஒருவர் வேண்டும். அவர் ஒரு நாள் போகாமல், உத்தேசமாக ஓர் எண்ணை எழுதினால் அது பொய்ச்சாட்சி; கீழேயுள்ள ஊர்கள் அனைத்துக்கும் எதிரான சாட்சி.

கி.பி. 861இல் கலீஃபா முதவக்கில் கெய்ரோவின் ரவ்ளாத் தீவில் நைல் நதியின் நீர்மட்டத்தை அளக்கும் மிக்யாஸை அமைத்தார். இப்னு அபீ ரத்தாத் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைக் கவனித்து வந்தனர். அங்கே பல நூற்றாண்டுகள் பதிவான அளவுகளையும் கொண்டுதான், 20ஆம் நூற்றாண்டில் ஹர்ஸ்ட் என்னும் நீரியல் அறிஞர் பஞ்ச காலத்தைத் தாங்க அணை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று ஆராய்ந்து 1951இல் வெளியிட்டார். அன்று எழுதியவர்களுக்கு இவரைத் தெரியாது. ஆனாலும் ஒழுங்காக எழுதினார்கள்.

சிறிதாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உகந்தது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். நம் பிள்ளைகளில் ஒருவர் அந்த அளவுகளை எழுதும் வேலையில் இருந்தால், 'இது சம்பளத்துக்கான வேலை மட்டுமல்ல, அமானிதம்' என்று அவருக்குச் சொல்லுங்கள். இரவில் மதகைத் திருட்டுத்தனமாகத் திருப்புபவர் நம்மவரானால் தடுத்து நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் அளவோடு இறக்கும் ரஹ்மான், அந்த அளவை நேர்மையோடு பேணும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.