காணாமை இன்மையாகுமா?

காட்சியளவை ஒன்றையே கொள்ளும் உலகாயதர், காணப்படாதது இல்பொருளென்பர். அது பொருந்தாமை வானநூலார் செயலாலும் விளங்கும். குவாசர் என்பது, பெருங்கருந்துளையை நோக்கி வீழும் பொருள் வெம்மையுற்று ஒளிர்வது. அப்பேரொளியில், அதற்கு இடனாகிய விண்மீன் மண்டலம் புலப்படாது மறையும். அத்தகைய மண்டலம் உண்டென அநுமானத்தாற் கொண்டோர், 2023-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிந்த படங்களினின்றும் குவாசரொளியைக் கழித்து, பேரண்டம் விரியத் தொடங்கி நூறு கோடி ஆண்டு நிரம்புமுன் இருந்த இரு மண்டலங்களின் விண்மீனொளியைக் கண்டனர். கண்டமையால் அவை உளவாயினவல்ல, மறைப்பே நீங்கிற்று.

அங்ஙனமாயின் காணாதன யாவும் உளவாமோ எனின், ஆகா. தக்க ஏது வேண்டும். காரியமாகிய உலகு கருத்தாவை உணர்த்துமென்பதும் ஏதுவின்மேல் நிற்பதே. ஆயினும் உவமை முற்றுமன்று: மண்டலம் சடமாகலிற் கருவியாற் சுட்டியறியப்படும், பதியோ சுட்டறிவிற்கு எட்டான், திருவருளே கண்ணாகக் காண்பார்க்கன்றிப் புலனாகான். ஆதலின், கருவி காட்டாமை பற்றி அவனை மறுத்தலும், கருவி ஒருநாட் காட்டுமென எதிர்நோக்கலும் ஒப்பப் பிழையாம்.