தெளிந்த நீர்

கடல்நீரின் நிறத்தையே மாற்றும் பாசிப் பெருக்கமான சிவப்பு அலை, ப்ளோரிடாவின் மேற்குக் கரைக்குப் புதிதல்ல. கோடை கழியும் வேளையில், மெக்சிகோ வளைகுடாவில் கரையிலிருந்து பல மைல் தள்ளி அது ஓசையில்லாமல் தொடங்குகிறது. அதை உண்டாக்கும் நுண்பாசி கரேனியா பிரெவிஸ். அந்தக் கரையின் பாசிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த கேரன் ஸ்டெய்டிங்கரைச் சிறப்பிக்க வைத்த பெயர். ஒற்றைச் செல் உடம்பு, நீந்துவதற்கு இரண்டு கசையிழைகள். முப்பதை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் இடம் போதும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் இது 5,000 செல்லைத் தொட்டாலே அங்கே சிப்பி எடுக்கத் தடை விழுந்துவிடும். லட்சம் தாண்டினால் மீன்கள் சாகத் தொடங்கும். தண்ணீர் நிறம் மாறுவது நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து லட்சம் செல்கள் வேண்டும். கண் எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது! நாம் சிவப்பைப் பார்த்து அஞ்சுவதற்குள் நஞ்சு தன் வேலையில் பாதியை முடித்திருக்கும்.

அந்த நஞ்சின் பெயர் பிரெவிடாக்சின். நரம்புச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வழி, திறந்த மறுகணமே மூடிக்கொள்ள வேண்டியது. பிரெவிடாக்சின் ஒட்டிக்கொண்டால் அது தாழ்ப்பாள் விழாத கதவாகிவிடுகிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. மீன் நிலைதடுமாறிச் சுழல்கிறது, செவுள் செயலிழக்க மூச்சடைத்துச் சாகிறது. 2017 அக்டோபரில் தொடங்கிய அலை 2019 தொடக்கம் வரை ஓயவில்லை. 2018 ஜூலையில் சானிபெல் தீவின் மணலில் ஒரு திமிங்கிலச் சுறாவே செத்து ஒதுங்கியது. அதன் தசையிலும் நஞ்சு இருந்தது. கரையில் குவிந்த மீன்கள் அழுகும்போது வெளியேறும் சத்துகள் மறுபடி பாசிக்கே உணவாகின்றன. கொன்றதைத் தின்றே அது மேலும் வளர்கிறது.

இவையெல்லாம் கண்ணெதிரே நடக்கும் சாவுகள். என்னை அதிகம் உலுக்குபவை, அலை போன பிறகு நேரும் சாவுகள்.

நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு உறவான மானட்டீ, ப்ளோரிடாவின் ஆழமில்லாத நீரில் புல் மேய்ந்து வாழும் சாதுவான பிராணி. 1996இல் தென்மேற்குக் கரையில் 149 மானட்டீக்கள் சிவப்பு அலையால் இறந்தன. மூச்செடுக்க மேலே வந்தபோது, கடலலைகள் மோதி உடைந்த பாசிகளின் நஞ்சு காற்றோடு நுரையீரலுக்குள் போயிருந்தது. 2002இல் 34 இறந்தபோது அப்படிச் சொல்ல வழியில்லை. அங்கே அப்போது பாசிப் பெருக்கம் இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். மென்று விழுங்கிய கடற்புல் இருந்தது, புல்லில் நஞ்சு இருந்தது. அலை எப்போதோ போய்விட்டிருந்தது. புல் மட்டும் அதன் நஞ்சைத் தன்னிடம் வைத்திருந்தது.

2004 வசந்தத்தில் அதே மாநிலத்தின் வடமேற்குக் கரையில் 107 டால்பின்கள் செத்து ஒதுங்கின. அப்போதும் தண்ணீரில் சிவப்பு இல்லை. அவற்றின் வயிற்றில் மத்திக்கு உறவான மென்ஹேடன் மீன்கள், செரிக்கக்கூட நேரமில்லாமல் கிடந்தன. நஞ்சேறிய மீன் உடனே செத்துவிடும், அதனால் அதை உண்பவற்றுக்கு ஆபத்தில்லை என்ற எண்ணம் அன்றோடு போனது. மீன் நஞ்சைச் சுமந்தபடியே நீந்தும். உண்பவர் வாய்வரைக்கும் உயிரோடு வரும்.

அதற்கும் முன்பே, 1987 நவம்பர் முதல் ஏறத்தாழ ஐந்து வாரங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடலில் 14 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இறந்திருந்தன. அங்கே குற்றவாளி வேறொரு பாசியின் சாக்சிடாக்சின். அவை தின்ற கானாங்கெளுத்திக்குள் அது ஒளிந்திருந்தது. இறந்து கிடந்த ஒரு திமிங்கிலத்தை ஒன்றரை மணி நேரம் முன்புதான் இயல்பாக நடமாடப் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர் தெளிந்ததும் 'கடல் சரியாகிவிட்டது' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கடலில் எதுவும் அப்படிச் சட்டென்று முடிவதில்லை. ஒரு கேடு நீரிலிருந்து நீங்கும்போது ஏதோ ஓர் உடலுக்குள் புகுந்திருக்கிறது. புல், மட்டி, மீன் என்று கைமாறி, தனக்கும் அந்தக் கேட்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் உயிரிடம் போய்ச் சேர்கிறது. நம் கைகளும் இதில் உண்டு. சிவப்பு அலையை மனிதன் படைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அது கரையை அடைந்தபின் வயல் உரமும் சாக்கடையும் அதற்குத் தீனியாகின்றன. உரம் போட்டவர் அந்த மானட்டீயை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். பார்க்கவில்லை என்பதால் பொறுப்பு குறைந்துவிடாது.

நமக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. 1981இல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். சாக்சிடாக்சின் வகை நஞ்சு அது. வேகவைத்தாலும் அழியாது; சுவையிலோ மணத்திலோ அடையாளம் காட்டாது. நம் கரையிலும் மட்டி, சிப்பி எடுக்கும் இடங்களில் நீரையும் சதையையும் இடைவிடாமல் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். மீன் சாவதைப் பார்த்தபின் ஓடுவது போதாது. ப்ளோரிடாவில் மூடிய சிப்பிப் படுகையைத் திறக்க, தண்ணீரில் பாசி குறைந்துவிட்டது என்ற சான்று மட்டும் செல்லாது. சிப்பியின் சதையை எடுத்துச் சோதித்த பிறகே திறக்கிறார்கள்.