லகான் பிடித்த கை



யாக்கோபு நிருபம் 3-ம் அதிகாரத்தில் குதிரையின் வாயில் போடும் கடிவாளத்தைப் பற்றி வாசித்திருப்பீர்கள். நாவடக்கத்துக்கு உதாரணமாக நானும் அதைப் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் லகானுக்கு இரண்டு முனை உண்டே! ஒன்று குதிரையின் வாயில், மற்றது ஒருவருடைய கையில். அந்தக் கையைப் பற்றி யோசிக்கிறோமா? நமக்குக் கீழ்ப்பட்டவர்களை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம்?

கடிவாளம் எப்படி வேலை செய்யுதுன்னு முதலில் பாருங்கள். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஒரு இடைவெளி உண்டு. இரும்புக் கடிவாளம் அங்கேதான் உட்காருகிறது. அடியில் மெல்லிய ஈறு, அதற்குக் கீழே எலும்பு. 500 கிலோ எடையுள்ள மிருகம் விரல் அசைவுக்குத் திரும்புவது இதனால்தான். வலிக்கிற இடம் நம் கையில் இருக்கிறது!

நல்ல சவாரிக்காரர் லகானை லேசாய் இழுப்பார். குதிரை கேட்டவுடனே தளர்த்திவிடுவார். 'நீ செய்தது சரி' என்று குதிரைக்குச் சொல்லுவது அந்தத் தளர்வுதான். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வாய் மரத்துப்போகும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் கேட்காது. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத் தளபதி செனபோன் கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வண்டிக் குதிரைகளுக்கு இன்னொரு வாரும் போட்டார்கள். அது கையில் பிடிக்கிற வார் அல்ல. வாயிலிருந்து மேலே கொண்டுபோய், முதுகுப் பட்டையிலுள்ள கொக்கியில் மாட்டிவிடுவார்கள். குதிரையின் தலை நிமிர்ந்தே நிற்கும். வண்டி பார்க்கக் கம்பீரமாயிருக்கும். ஆனால் மேட்டிலே பாரம் இழுக்கிற குதிரை தலையைத் தாழ்த்தித் தன் எடையை முன்னே கொடுக்கணும். அதற்கு வார் விடவில்லையே! மூச்சும் முட்டும். சிறுவயதில் கணுக்காலில் அடிபட்டு, குதிரை வண்டிகளையே நம்பி வாழ்ந்த அன்னா செவெல் அம்மையார், குதிரையே தன் கதையைச் சொல்வதுபோல 'பிளாக் பியூட்டி' என்ற நூலை எழுதினார். 1877-ல் வெளியான அந்த நூல்தான் இந்த வாரின் கொடுமையை ஊரறியச் செய்தது.

ஆம், பிரியமானவர்களே! முதல் வார் குதிரையை வழிநடத்த. இரண்டாவது வார் எஜமானின் பெருமைக்கு.

"அப்போ கட்டுப்பாடே வேண்டாங்கிறீங்களா பாஸ்டர்?" என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். இல்லை ஐயா. லகான் இல்லாமல் ஓடுகிற குதிரை தானும் விழும், வண்டியையும் கவிழ்க்கும். கேள்வி வேறு. பிள்ளை சொன்னபடி கேட்டபிறகாவது தளர்த்துகிறீர்களா? 95 மார்க் வாங்கி வந்தவனிடம், "மீதி 5 எங்கே?" என்று கேட்பது அவனுடைய நன்மைக்கா, சொந்தக்காரர் முன்னால் நம் தலை நிமிரவா? கடையில் ஆள் வைத்திருப்பவருக்கும், மருமகள் வந்த வீட்டுக்கும், சபை நடத்துகிற எனக்கும் இதே கேள்விதான்.

பாரம் இழுக்கிறவர்கள் தலையைத் தாழ்த்த இடம் கொடுங்கள். லகான் கையிலே இருக்கட்டும், கொக்கியில் மாட்டிவிடாதீர்கள்.